தேர்வுத்தாளை மாற்றிய பள்ளிக்கூடம்

*ஜெனீவாவில் 1924-ல் 8 குழந்தைகளோடு தொடங்கிய ஒரு பள்ளி, பள்ளி இறுதித் தேர்வு எப்படி இருக்க வேண்டும் என்று உலகத்துக்கே ஒரு புது வழி காட்டியது. கொடைக்கானல் மலைவரை வந்துசேர்ந்த அந்தத் தேர்வில், நம் பிளஸ் டூ வகுப்பறைகள் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது?*

1960-களின் தொடக்கத்தில் ஜெனீவா சர்வதேசப் பள்ளியின் மேல்வகுப்புகளில் ஒரு விசித்திரம் நடந்துகொண்டிருந்தது. மழலையர் வகுப்பிலிருந்து அருகருகே உட்கார்ந்து படித்த பிள்ளைகள், 16 வயதானதும் தனித்தனி அறைகளுக்குப் பிரிந்து போனார்கள். இங்கிலாந்தில் மேற்படிப்புக்குப் போக வேண்டியவர்கள் ஜி.சி.இ. ஏ லெவலுக்குப் படித்தார்கள். பிரான்ஸுக்குப் போகிறவர்கள் பக்கலோரியாவுக்கு, சுவிஸ் பிள்ளைகள் மத்யூரித்தேவுக்கு, அமெரிக்கர்கள் காலேஜ் போர்டுக்கு. ஒரே பள்ளி, ஒரே மைதானம், ஒரே மணிச் சத்தம். ஆனால் நான்கு பாடத்திட்டங்கள், நான்கு விதமான வரலாறுகள்.

அந்தப் பள்ளி தொடங்கப்பட்டதே, பல நாட்டுப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து உலகத்தைப் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான். சிறு வகுப்புகளில் அதை அழகாகச் செய்தது. கடைசி இரண்டு ஆண்டுகளில் மட்டும் முடியவில்லை. வாசலில் நான்கு நாட்டுத் தேர்வுகள் காத்திருக்கும்போது ஆசிரியரின் லட்சியம் அவற்றின் முன்னால் நிற்க முடியவில்லை.

புலம்பிவிட்டு அந்த ஆசிரியர்கள் ஓய்ந்துவிடவில்லை. தங்கள் பிள்ளைகளுக்கென்று ஒரு புதுத் தேர்வையே உருவாக்க உட்கார்ந்தார்கள். இன்று ஐபி என்று நகரத்துப் பெற்றோர்கள் சுருக்கமாகச் சொல்லும் இன்டர்நேஷனல் பக்கலோரியா பிறந்தது அப்படித்தான்.

அதிகாரிகளின் பிள்ளைகள் எங்கே படிப்பார்கள்?

முதல் உலகப்போர் முடிந்து, 1920-ல் சர்வதேச சங்கம் ஜெனீவாவில் குடியேறியது. கூடவே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் வந்தது. இன்னொரு போர் வராமல் தடுப்பது முதல் நிறுவனத்தின் வேலை. தொழிலாளிக்கு உலகம் முழுக்க நியாயமான வேலை நிலைமையை உண்டாக்குவது இரண்டாவதன் வேலை. இவற்றில் பணியாற்ற நாடு நாடாக அதிகாரிகள் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள்.

வந்தவர்களுக்கு முதல் கவலை, எல்லா ஊரிலும் எல்லாப் பெற்றோருக்கும் இருப்பதுதான்: பிள்ளையை எங்கே சேர்ப்பது? உள்ளூர்ப் பள்ளியில் பிரெஞ்சு மட்டும்தான். சில ஆண்டுகளில் ஊர் திரும்பினால் அங்கே பிள்ளையின் படிப்பு ஒட்டாது. ஊரிலேயே விடுதியில் விட்டுவிட்டு வந்தால் குடும்பம் இரண்டாகும்.

அந்தக் கவலையைக் கையில் எடுத்தவர்களில் இருவர் முக்கியமானவர்கள். ஒருவர் ஆர்தர் ஸ்வீட்ஸர். சங்கத்தின் செய்திப் பிரிவில் வேலை பார்த்த அமெரிக்கர். அமெரிக்கா சங்கத்தில் சேரவே இல்லை என்பதை நினைத்தால் அவர் அங்கே இருந்ததே ஒரு பிடிவாதம்தான். இன்னொருவர் லுட்விக் ராய்ச்மன். போலந்து மருத்துவர், சங்கத்தின் சுகாதாரப் பிரிவை நடத்தியவர். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு யுனிசெஃப் அமைப்பை உருவாக்க முன்னின்று, அதன் முதல் தலைவரானவரும் இவரே.

பள்ளி நடத்தத் தெரிந்தவர்களும் அதே ஊரில் இருந்தார்கள். மனோதத்துவ அறிஞர் எத்வார் கிளாபரேத் 1912-ல் தொடங்கிய ரூசோ கல்விநிலையம் ஜெனீவாவில்தான் இயங்கியது. குழந்தை எப்படிக் கற்கிறது என்பதைக் குழந்தையைக் கவனித்தே தெரிந்துகொள்ள வேண்டும் என்று வாதாடிய இடம் அது. பின்னாளில் ழான் பியாஜே புகழ்பெற்றதும் அங்கிருந்துதான். அந்த வட்டத்தைச் சேர்ந்த அடோல்ஃப் ஃபெரியேர் தன் குடும்பத்துக்குச் சொந்தமான வீட்டைத் திறந்துவிட்டார். 1924 செப்டம்பரில் 8 குழந்தைகளோடு வகுப்பு தொடங்கியது. பிரெஞ்சும் ஆங்கிலமும் பாடமொழிகள். ஆண் குழந்தைகளும் பெண் குழந்தைகளும் ஒன்றாகவே படித்தார்கள். அரசாங்கமோ மதநிறுவனமோ பின்னால் இல்லாத சுயேச்சையான பள்ளி.

அதே ஆண்டு ஜப்பானில் யோக்கஹாமா சர்வதேசப் பள்ளியும் தொடங்கியது. எங்கோ தூர தேசத்தில் வேலை பார்க்கும் பெற்றோரும், அவர்களோடு ஊர் ஊராகப் போகும் பிள்ளைகளும் உலகில் பெருகத் தொடங்கிய காலம் அது.

ஜெனீவா பள்ளியின் தொடக்க கால மாணவர் பட்டியலில் நமக்குத் தெரிந்த பெயர் ஒன்று இருக்கிறது. காசநோயால் நலிந்திருந்த மனைவி கமலாவின் சிகிச்சைக்காக ஜவாஹர்லால் நேரு 1926-ல் குடும்பத்தோடு சுவிட்சர்லாந்து போனார். அப்போது 8 வயதான மகள் இந்திரா சேர்ந்தது இந்தப் பள்ளியில்தான்.

தன் ஊருக்கு முன்னால் உலகம்

1929-ல் பள்ளி லா கிராந்த் புவாசியேர் என்ற பழைய தோட்டவீட்டு வளாகத்துக்கு மாறியது. இன்றும் அதன் முதன்மை வளாகம் அதுவே. அதே ஆண்டு இயக்குநர் பொறுப்புக்கு வந்தார் மரீ தெரெஸ் மொரெத். அடுத்த 20 ஆண்டுகள், அதாவது உலகப் பொருளாதார வீழ்ச்சி, ஹிட்லர், இரண்டாம் உலகப்போர் எல்லாவற்றினூடாகவும், பள்ளியை நடத்தியவர் அவர்தான்.

மொரெத்தின் தந்தை பால் துப்புய் புவியியல் ஆசிரியர்; அதே பள்ளியில் பாடம் எடுத்தவர். கணவர் ஃபெர்னான் மொரெத் தொழிலாளர் அமைப்பில் அதிகாரி, அவரும் புவியியலாளர். புவியியல் வீட்டுப் பேச்சாகவே இருந்த குடும்பம். பள்ளியின் முதல் மாற்றமும் புவியியல் பாடத்திலேயே நடந்தது.

உலகில் எந்தப் பள்ளியிலும் புவியியல் எப்படித் தொடங்கும்? நம் வீடு, நம் தெரு, நம் மாவட்டம், நம் நாடு. மற்ற நாடுகள் கடைசியில். மொரெத் அதைத் தலைகீழாக்கினார். முதலில் முழு பூமி. கடல்கள், காற்று, மழை, மலைகள், பயிர்கள், மனிதர்கள் எங்கெங்கே ஏன் கூடி வாழ்கிறார்கள் என்ற பாடம். அதற்குப் பிறகே தனித்தனி நாடுகள். எல்லைக்கோடு இல்லாத பூமியை முதலில் பார்த்துவிட்ட பிள்ளைக்குத் தன் நாடு அதன் ஒரு பகுதி என்பது இயல்பாகவே பதியும் என்று அவர் நம்பினார்.

வரலாற்றை 12 வயதுக்கு முன்னால் பாடமாக வைப்பதில் அவருக்கு உடன்பாடு இல்லை. சிறு வயதில் சொல்லும் வரலாறு பெரும்பாலும் தன் நாட்டு வீரர்களின் கதையாகவும் பக்கத்து நாட்டுத் துரோகிகளின் கதையாகவும் முடிந்துவிடுகிறது என்பது அவர் கவலை. 12 வயதுக்குப் பிறகு உலக வரலாறு. ஒரே காலகட்டத்தில் சீனாவில், இந்தியாவில், ஐரோப்பாவில் என்ன நடந்தது என்பதை அருகருகே வைத்துப் படிக்கும் முறை. இவற்றோடு, எல்லோருக்கும் இரண்டு மொழிகள், உலகச் செய்திகளைப் பற்றிய பேச்சு, கூட்டாகச் செய்யும் வேலை. தன் அனுபவத்தை 1948-ல் யுனெஸ்கோவுக்காக ஓர் அறிக்கையாகவே அவர் எழுதிக் கொடுத்தார். அமைதிக்கென்று கல்வி உத்திகள் உண்டா என்ற கேள்விதான் அதன் தலைப்பு.

இந்தப் பாடம் நடந்த காலத்தை மறந்துவிடக் கூடாது. மஞ்சூரியாவை ஆக்கிரமித்த ஜப்பானைச் சர்வதேச சங்கம் கண்டித்தபோது, 1933 பிப்ரவரியில் ஜப்பான் பிரதிநிதி ஜெனீவா சபையிலிருந்து எழுந்து வெளியேறினார். அதே ஆண்டு ஜெர்மனியும் விலகியது. 1935-ல் இத்தாலி அபிசீனியாமீது படையெடுத்தது. பெற்றோர்கள் வேலை பார்த்த நிறுவனம் கண்ணெதிரே சரிந்துகொண்டிருக்க, அதே ஊரில் அவர்களுடைய பிள்ளைகள் எல்லை போடாத பூமியைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

1946-ல் சங்கம் முறைப்படி கலைக்கப்பட்டது. பள்ளி கலையவில்லை. ஐ.நா.வின் ஐரோப்பிய அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் ஜெனீவாவுக்கு வந்தபோது, புது அதிகாரிகளின் பிள்ளைகள் அதே வாசலில் வந்து நின்றார்கள். பின்னாளில் ஐ.நா. பொதுச்செயலாளரான கோஃபி அன்னான், 1980-களின் தொடக்கத்தில் ஜெனீவாவில் பணியாற்றியபோது இப்பள்ளியின் ஆட்சிக்குழுவில் இருந்தார்.

தேர்வை யார் உருவாக்குவது?

மொரெத்தின் பாடமுறைக்கு ஓர் எல்லை இருந்தது. 14, 15 வயதுவரை உலகத்தைப் படித்த பிள்ளை, அதற்குப் பிறகு ஏதாவது ஒரு நாட்டின் தேர்வுக்குள் நுழைந்துதான் தீர வேண்டும். பிரெஞ்சுத் தேர்வில் பிரெஞ்சு வரலாறு, ஆங்கிலத் தேர்வில் ஆங்கில வரலாறு.

1962-ல், பல நாடுகளின் சர்வதேசப் பள்ளிகளில் சமூக அறிவியல் நடத்தும் ஆசிரியர்களை ஜெனீவாவில் ஒன்றுகூட்டினார் இப்பள்ளியின் வரலாற்று ஆசிரியர் ராபர்ட் லீச். அந்தக் கூட்டத்தில் எழுந்த யோசனை எளிமையானது: பல நாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்றுக்கொள்ளும் ஒரு பொதுத் தேர்வை நாமே ஏன் உருவாக்கக் கூடாது? முதல் முயற்சி சமகால வரலாற்றுப் பாடம். எந்த நாட்டின் பிள்ளையும் எழுதக்கூடிய, எந்த நாட்டின் பார்வைக்கும் வளைந்து கொடுக்காத ஒரு வரலாற்றுத் தாள்.

யோசனை எளிது, வேலை எளிதல்ல. ஒரு பள்ளியின் ஆசிரியர்கள் உருவாக்கிய தேர்வை ஆக்ஸ்ஃபோர்டும் சொர்போனும் ஹார்வர்டும் ஏன் மதிக்க வேண்டும்? பாடத்திட்டம் எழுத, வினாத்தாள் தயாரிக்க, திருத்த, பல்கலைக்கழகங்களோடு பேச ஆளும் பணமும் வேண்டும். யுனெஸ்கோ சிறு தொகை கொடுத்தது. ட்வென்டியத் செஞ்சுரி ஃபண்ட் என்ற அமெரிக்க அறக்கட்டளை கை கொடுத்தது. ஃபோர்டு ஃபவுண்டேஷன் 3 லட்சம் டாலர் கொடுத்தது. 1968-ல் இன்டர்நேஷனல் பக்கலோரியா அமைப்பு ஜெனீவாவில் பதிவானது. அதன் முதல் தலைமை இயக்குநர் அலெக் பீட்டர்சன், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கல்வியியல் துறையை நடத்தியவர்.

பீட்டர்சனுக்குத் தன் நாட்டுக் கல்விமேல் ஒரு தீராத குறை இருந்தது. இங்கிலாந்தில் 16 வயதுப் பிள்ளை மூன்றே பாடங்களைத் தேர்ந்தெடுத்து, மற்ற எல்லாவற்றையும் விட்டுவிடும். இலக்கியம் படிப்பவர் அறிவியலை மறப்பார். அறிவியல் படிப்பவர் மொழியை மறப்பார். பிரெஞ்சு முறையிலோ எல்லாப் பாடமும் உண்டு, சுமை அதிகம். இரண்டுக்கும் நடுவில் உருவானதுதான் ஐபி டிப்ளமோவின் எலும்புக்கூடு. மொத்தம் 6 பாடங்கள்: தாய்மொழி அல்லது நன்கு தெரிந்த மொழியில் இலக்கியம், இன்னொரு மொழி, சமூக அறிவியல், அறிவியல், கணிதம், ஆறாவதாகக் கலைப் பாடம் ஒன்று அல்லது மேலே சொன்னவற்றில் இன்னொன்று. அவற்றில் மூன்றை ஆழமாகவும் மூன்றை அளவாகவும் படிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 7 புள்ளிகள். கூடுதல் பகுதிகளுக்கு 3. ஆக மொத்தம் 45.

முதல் டிப்ளமோ தேர்வு 1970-ல் நடந்தது. தனித்தனி அறைகளுக்குப் பிரிந்துபோன பிள்ளைகள் மறுபடி ஒரே வகுப்பில் உட்கார வழி பிறந்தது.

வினாத்தாளைப் பிரித்துப் பார்த்தால்

ஐபியின் பெருமையைக் கட்டடங்களில் தேடுவதைவிட ஒரு வினாத்தாளில் தேடினால் விரைவில் கிடைக்கும்.

வரலாற்றின் முதல் தாளை எடுத்துக்கொள்வோம். 2017-ல் முதல் தேர்வு நடந்த பாடத்திட்டத்தில் ‘உலகப் போரை நோக்கி’ என்றொரு பகுதி. ஒரு மணி நேரத் தாள். மாணவர் கையில் நான்கு ஆவணங்கள் கொடுக்கப்படுகின்றன. ஒன்று அந்தக் காலத்து அரசியல் கேலிச்சித்திரமாக இருக்கலாம். ஒன்று ஓர் அமைச்சரின் உரை. ஒன்று தூதர் அனுப்பிய கடிதம். இன்னொன்று பிற்கால வரலாற்றாசிரியர் எழுதிய பக்கம். மஞ்சூரியா எந்த ஆண்டு ஆக்கிரமிக்கப்பட்டது என்று ஒரு வரியில் கேட்டுவிட்டுப் போகிற தாள் அல்ல இது. இந்த ஆவணத்தை எழுதியவர் யார், எதற்காக எழுதினார், அதனால் இதை எந்த அளவு நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்று கேட்கும். இரண்டு ஆவணங்கள் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன என்று எழுத வேண்டும். கடைசியில் நான்கையும், தான் படித்ததையும் வைத்து ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

இந்தப் பகுதியில் வரும் உதாரணங்களில் ஒன்று 1931-லிருந்து ஜப்பான் கிழக்காசியாவில் விரிவடைந்த வரலாறு. சர்வதேச சங்கத்தின் தோல்வியைப் பற்றி, அந்தச் சங்கத்தின் அதிகாரிகள் தொடங்கிய பள்ளியிலிருந்து முளைத்த தேர்வே இன்று கேள்வி கேட்கிறது.

இப்படி ஒரு தாள் இருக்கும்போது வகுப்பில் என்ன நடக்கும் என்பதை ஊகிக்கலாம். குறிப்பு எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னால் பிள்ளை தேறாது. அந்த நான்கு ஆவணங்களையும் பிள்ளை முன்பின் பார்த்திருக்காது. ஆகவே ஆசிரியர் ஆண்டு முழுக்க புதுப்புது ஆவணங்களைக் கொண்டுவந்து போட்டு, விவாதிக்க வைத்தாக வேண்டும். அது அவருடைய பெருந்தன்மையால் நடப்பதல்ல. தேர்வு அவரை அப்படி நடத்தச் சொல்கிறது.

இரண்டாவது முக்கியமான அம்சம், 4,000 சொற்களுக்குள் எழுத வேண்டிய நீண்ட கட்டுரை. தலைப்பைப் பள்ளி கொடுப்பதில்லை. மாணவரே ஒரு கேள்வியை உருவாக்க வேண்டும். முதலில் கொண்டுவரும் கேள்வி பெரும்பாலும் அகலமாக இருக்கும்: ‘தண்ணீர் மாசு எப்படி ஏற்படுகிறது?’ வழிகாட்டும் ஆசிரியர் திருப்பி அனுப்புவார். எந்தத் தண்ணீர், எந்த ஊர், எந்த மாசு, எதை அளக்கப் போகிறாய்? பல முறை சுருக்கிச் சுருக்கி, ஒரு குளத்தில் ஒரு ரசாயனத்தின் அளவு மழைக்கு முன்னும் பின்னும் எப்படி மாறுகிறது என்ற அளவுக்கு வந்த பிறகே வேலை தொடங்கும். எங்கிருந்து எடுத்தேன் என்று ஒவ்வொரு தகவலுக்கும் ஆதாரம் காட்ட வேண்டும். முடிந்ததும் ஆசிரியரோடு நேர்காணல். கட்டுரையைத் திருத்துபவர் வேறெங்கோ ஒரு நாட்டில் இருக்கும் தேர்வாளர்.

மூன்றாவது, அறிவுக் கோட்பாடு என்ற பாடம். கணிதத்தில் ஒன்றை உண்மை என்று எப்படிச் சொல்கிறோம், வரலாற்றில் எப்படிச் சொல்கிறோம், இரண்டும் ஏன் வேறு என்று யோசிக்கும் பாடம். இப்போதைய முறையில் மாணவர் மூன்று பொருள்களைத் தேர்ந்தெடுத்துச் சிறு கண்காட்சி வைக்க வேண்டும். தாத்தாவின் ஜாதகமாக இருக்கலாம், மருந்துச் சீட்டாக இருக்கலாம், செய்தித்தாள் விளம்பரமாக இருக்கலாம். ஒரு பொதுக் கேள்விக்கு அந்தப் பொருள்கள் எப்படிப் பதில் சொல்கின்றன என்று விளக்க வேண்டும்.

இவற்றோடு கலை, விளையாட்டு, சமூகப் பணி ஆகியவையும் கட்டாயம். வேல்ஸில் அட்லாண்டிக் கல்லூரியைத் தொடங்கிய கல்வியாளர் கர்ட் ஹானின் கருத்துகளில் பீட்டர்சனுக்கு இருந்த ஈடுபாட்டின் தடம் இதில் தெரியும்.

மூன்று வயதிலிருந்தே

டிப்ளமோ வந்து கால் நூற்றாண்டு கழித்துதான் கீழ்வகுப்புகளுக்கான திட்டங்கள் வந்தன. நடுநிலை வகுப்புகளுக்கு 1994-ல். 3 வயது முதல் 12 வயது வரையிலான தொடக்க வகுப்புகளுக்கு 1997-ல். மேலே தேர்வு மாறிய பிறகே கீழே வகுப்பு முழுமையாக மாற முடிந்தது என்பதற்கு இந்த வரிசையே சாட்சி.

தொடக்க வகுப்புத் திட்டத்தில் பாடங்கள் தனித்தனிப் பெட்டிகளாக வருவதில்லை. பூமியைப் பகிர்ந்துகொள்வது, நாம் யார், நம்மை எப்படி ஒழுங்குபடுத்திக்கொள்கிறோம் போன்ற 6 பெருந்தலைப்புகளின் கீழ் எல்லாப் பாடங்களும் சேர்ந்து வருகின்றன. தண்ணீரைப் பற்றிய ஒரு பகுதி என்றால், பாத்திரங்களில் அளந்து ஊற்றும்போது கணக்கு வந்துவிடும். குழாயில் வருவது எங்கிருந்து வருகிறது என்று கேட்கும்போது புவியியல். தண்ணீரைப் பற்றிய பாட்டும் கதையும் மொழிப்பாடம். பக்கத்துத் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் என்ன செய்வது என்பது குடிமையியல். நான்கு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பெயர்கள் எதுவும் தெரிய வேண்டியதில்லை. தொடக்க வகுப்பின் இறுதியாண்டில் பிள்ளைகள் தாங்களாக ஒரு பிரச்சினையை எடுத்து ஆராய்ந்து, பெற்றோர்முன் கண்காட்சியாக வைக்கிறார்கள். பிற்பாடு எழுதப்போகும் 4,000 சொல் கட்டுரைக்கு அதுவே முதல் படி.

ஜெனீவா பள்ளியில் இன்று மூன்று வளாகங்கள். மழலையர் முதல் மேல்நிலை வரை 4,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள். பிரெஞ்சும் ஆங்கிலமும் இன்றும் இணைந்தே நடக்கின்றன.

ஏரிக்கரைக்கு வந்த டிப்ளமோ

இந்தியாவில் ஐபி டிப்ளமோவை முதலில் தொடங்கியது டெல்லியோ மும்பையோ அல்ல, கொடைக்கானல்.

1845-லேயே மதுரையின் அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்து இந்த மலையில் வீடு கட்டினார்கள். 1901-ல் தங்கள் பிள்ளைகளுக்காக அவர்கள் தொடங்கிய ஹைகிளார்க் பள்ளிதான் இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. ஏரிக்குப் பக்கத்தில், செவன் ரோடு சந்திப்பில் இருக்கிறது. முக்கால் நூற்றாண்டு அது அமெரிக்கப் பாடத்திட்டத்தில் ஓடியது. சுதந்திரத்துக்குப் பிறகு மிஷனரிக் குடும்பங்கள் குறைந்தன. இந்தியப் பிள்ளைகளும் பிற நாட்டுப் பிள்ளைகளும் கூடினார்கள். அமெரிக்கப் பிள்ளைகளுக்கென்று அமைந்த படிப்பு அவர்களுக்குப் பொருந்தவில்லை. 1970-களின் நடுவில் பள்ளி சர்வதேசப் பள்ளியாக மாறி, 1976-ல் ஐபி டிப்ளமோவைத் தொடங்கியது. ஜெனீவா பள்ளியில் முன்பு எழுந்த அதே பிரச்சினைக்கு, அதே தீர்வு.

1983 முதல் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் ஐபி டிப்ளமோவை பிளஸ் டூவுக்குச் சமமாக அங்கீகரிக்கிறது. இன்று இந்தியாவில் 200-க்கும் மேற்பட்ட ஐபி பள்ளிகள். உலகில் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் 5,000-க்கும் மேல். ஆனாலும் டிப்ளமோ படிக்கும் பிள்ளை இங்கே மருத்துவம் படிக்க வேண்டுமென்றால் நீட் எழுதியே ஆக வேண்டும். ஆவணங்களை ஆராயும் பாடத்தைப் பகலில் படித்துவிட்டு, மாலையில் சரியான விடையை டிக் அடிக்கும் பயிற்சிக்குக் கோச்சிங் சென்டர் போகிறது பிள்ளை.

கட்டணம் என்னும் மதில்

இந்தக் கதையின் வேதனையான பக்கமும் உண்டு. ஜெனீவா பள்ளி லாபநோக்கம் இல்லாத அறக்கட்டளைதான். ஆனாலும் மேல்வகுப்புக்கு ஆண்டுக் கட்டணம் 30,000 சுவிஸ் ஃபிராங்குக்கு மேல். ஐ.நா. ஊழியர்களுக்கு நிறுவனமே கல்விப்படி தருகிறது. பெரிய கம்பெனி ஊழியர்களுக்குக் கம்பெனி கட்டுகிறது. மற்றவர்களுக்கு வாசலோடு சரி. இந்தியாவிலும் இதே நிலைதான். நடுத்தரக் குடும்பத்தின் ஓராண்டுச் சம்பளம் ஒரு பிள்ளையின் ஓராண்டுக் கட்டணத்துக்குப் போதாத பள்ளிகள் பல.

தேர்வு முறையிலும் குறைகள் இருக்கின்றன. அதன் வேர் ஐரோப்பியச் சிந்தனையில் இருக்கிறது. நிர்வாக மொழிகள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ். கொரோனாவால் 2020 மே தேர்வு ரத்தானபோது, பள்ளியில் செய்த வேலைகளையும் ஆசிரியர்களின் கணிப்பையும் வைத்து ஒரு கணக்கீட்டு முறையில் மதிப்பெண் போட்டார்கள். எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாகப் பெற்ற மாணவர்கள் உலகெங்கும் கொதித்தெழ, ஐபி அமைப்பு ஆகஸ்டில் மதிப்பெண்களைத் திருத்தி வெளியிட வேண்டியிருந்தது.

எனினும் இந்தத் தேர்வு பணக்காரப் பிள்ளைகளுக்குத்தான் ஒத்துவரும் என்று யாராவது சொன்னால், சிகாகோவைக் காட்டலாம். அந்த நகரத்தின் பொதுப்பள்ளி நிர்வாகம் 1997-ல் 13 சாதாரண மேல்நிலைப் பள்ளிகளில் ஐபி டிப்ளமோவைத் தொடங்கியது. படித்தவர்களில் பெரும்பாலானோர் வருமானம் குறைந்த கறுப்பின, லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வு, இந்த மாணவர்கள் நான்காண்டுக் கல்லூரியில் சேரும் வாய்ப்பு, அதே தகுதியுடைய மற்ற மாணவர்களைவிட 40 சதவீதம் அதிகம் என்று காட்டியது. எக்குவடோர் அரசு 2006 முதல் தன் அரசுப் பள்ளிகளிலேயே டிப்ளமோவைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் ஐபி நடத்தும் பள்ளிகளில் பெரும்பாலானவை கட்டணம் வாங்காத அரசுப் பள்ளிகளே.

ஏழைப் பிள்ளையால் யோசிக்க முடியாது என்பது பொய். யோசிக்கும்படி கேட்கும் தேர்வு அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை என்பதே உண்மை.

நம் பிளஸ் டூவுக்கு என்ன?

தேர்வு எப்படியோ வகுப்பும் அப்படியே என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தையே நடத்தாமல், இரண்டு ஆண்டுகளும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தது ஊரறிந்தது. காரணம், பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை. அதைத் தடுக்க அரசு கையில் எடுத்த கருவியும் தேர்வுதான்: 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-ல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அது நீக்கப்பட்டது. 2017-ல் மாநில ரேங்க் அறிவிப்பு நிறுத்தப்பட்டது. பிளஸ் டூ மொத்த மதிப்பெண் 1,200-லிருந்து 600 ஆனது. இவை எல்லாமே பிள்ளைகளின் சுமையைக் குறைக்க நல்ல எண்ணத்தோடு எடுத்த முடிவுகள். ஆனால் எத்தனை தேர்வு, எத்தனை மதிப்பெண் என்பதைச் சுற்றியே இவற்றில் பெரும்பாலானவை நடந்தன. கேள்வி என்ன கேட்கிறது என்பது அதே அளவுக்கு மாறவில்லை.

புக் பேக் கேள்வி, ஒரு மார்க், ஐந்து மார்க், கைடு, ஸ்லிப் டெஸ்ட், ரிவிஷன் டெஸ்ட்: பிளஸ் டூ மாணவரின் அன்றாடம் இந்தச் சொற்களால் ஆனது. அந்த மாணவரைக் குறைசொல்லிப் பயனில்லை. ஆசிரியரையும் குறைசொல்ல முடியாது. தேர்ச்சி சதவீதத்தைக் கேட்டு மேலதிகாரி நிற்கும்போது, புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளைத் திரும்பத் திரும்ப எழுத வைப்பதுதான் புத்திசாலித்தனமான வேலையாகிறது.

ஜெனீவாவிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியதில் முதலாவதுக்குப் பெரிய செலவு இல்லை. வரலாற்றுத் தாளில் ஒரே ஒரு கேள்வியாவது பிள்ளை முன்பின் பார்க்காத ஆவணத்தைக் கொடுத்து எழுதச் சொல்லலாம். ஒரு கல்வெட்டின் வாசகம், 1930-களின் ஒரு துண்டறிக்கை, ஓர் அரசாணையின் பகுதி. நம் ஆவணக் காப்பகங்களில் இவற்றுக்குப் பஞ்சமே இல்லை. அறிவியல் செய்முறைத் தேர்வில், புத்தகத்தில் இருக்கும் சோதனையைத் திருப்பிச் செய்வதோடு, பிள்ளை தானே வடிவமைத்த ஒரு சிறு சோதனைக்கும் இடம் தரலாம்.

இரண்டாவது, இப்போதே கையில் இருப்பது. பிளஸ் டூவில் ஒவ்வொரு பாடத்துக்கும் 10 மதிப்பெண் அகமதிப்பீடாக இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் அது எல்லோருக்கும் ஏறக்குறைய முழுதாகவே போடப்படுகிறது என்பதை ஆசிரியர்களே ஒப்புக்கொள்வார்கள். ஐபியில் பல பாடங்களில் 20 முதல் 30 சதவீத மதிப்பெண்ணைப் பள்ளி ஆசிரியரே போடுகிறார். ஆனால் அந்தப் பள்ளியிலிருந்து சில மாணவர்களின் வேலையை மட்டும் மாதிரியாக எடுத்து வெளித் தேர்வாளருக்கு அனுப்புகிறார்கள். ஆசிரியர் தாராளமாகப் போட்டிருந்தால் அந்தப் பாடத்தில் பள்ளியின் மொத்த மதிப்பெண்ணும் இறங்கும். கஞ்சத்தனமாகப் போட்டிருந்தால் ஏறும். ஆசிரியர்மேல் நம்பிக்கையும் உண்டு, கண்காணிப்பும் உண்டு.

அந்த 10 மதிப்பெண்ணை, பிள்ளை தன் ஊரில் ஒரு கேள்வியை எடுத்து, ஆராய்ந்து எழுதும் நாலு பக்க அறிக்கைக்குக் கொடுக்கலாம். ஒரு மாவட்டத்து அறிக்கைகளில் பள்ளிக்கு ஐந்தை எடுத்து இன்னொரு மாவட்டத்து ஆசிரியர்கள் திருத்திப் பார்க்கலாம். விடைத்தாள் திருத்தும் முகாம்களை ஆண்டுதோறும் நடத்திப் பழகிய துறை இது; அதற்கான ஆளும் அனுபவமும் நம்மிடம் இருக்கின்றன. ஒரு மாவட்டத்தில், ஒரு பாடத்தில், அடுத்த கல்வியாண்டிலேயே இதைத் தொடங்கிப் பார்க்கலாம்.